முதல் குழிக்கு எட்டு

புச்சோன் ரயில் நிலையத்தின் பின்பக்கத் தெருவில் ஒரு ஒல்லியான கட்டடம். உச்சியில் தேவாலயம். அதற்குக் கீழே பல் டாக்டர், அதற்கும் கீழே பிள்ளைகளை அழவைத்துக் கணக்குப் போடவைக்கும் டியூஷன் சென்டர், தரைத்தளத்தில் விலாங்கு மீன் சுடும் கடை. கோல்ஃப் மைதானம் இருப்பது எல்லாவற்றுக்கும் அடியில், பாதாளத்தில். மைதானம் என்றால் ஐந்து அறைகள். ஒவ்வொன்றிலும் சுவரை அடைத்த திரை. திரையில் மலை, ஏரி, பைன் மரம், வானம். காலடியில் பச்சைப் பாய். பாயிலுள்ள துளையிலிருந்து பந்து தானாக எழும்பி வந்து நிற்கும். அடித்தால் திரையில் போய் மோதும், மீதித் தூரத்தைப் படத்துக்குள் பறந்துகொள்ளும். கைக்குட்டை அகலம் இடம் கிடைத்தாலும் இருபது மாடி எழுப்பிவிடுகிற ஊரில் பந்து பறக்க இதைவிட அதிகம் கேட்டால் நியாயமில்லை.

இதன் முதலாளியம்மா பாங் கில்ஜா. யார் யாரோடு வருகிறார், யார் வீட்டில் பொய் சொல்லிவிட்டு வருகிறார், யாருடைய மட்டை வீச்சு மனைவியோடு போட்ட சண்டையால் கோணுகிறது என்பதெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தபடியே அவளுக்குத் தெரியும். தெரிந்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளும் பழக்கம் கிடையாது. விலாங்குக் கடைக்காரியிடம் சொல்வாள். அவள் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு எடுத்துப் போவாள். லிஃப்ட் பழுதாகிக் கிடந்தாலும் செய்தி மேலே போய்ச் சேர்ந்துவிடும்.

அந்தப் பாதாளத்துக்கு ராஜா பியோ மான்ஹோ. தண்ணீர்ப் பம்பு கம்பெனியில் மேனேஜர். உயரம் குறைவு, பேச்சு அதைவிடக் குறைவு, ஆனால் மட்டையை எடுத்தால் பக்கத்து அறைக்காரர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். மெஷினில் ‘இது பக்கம்தான், போட்டதாக வைத்துக்கொள்’ என்று சலுகை தரும் வசதி ஒன்று உண்டு. அதைக்கூட அணைத்துவிட்டுத்தான் ஆடுவார். இத்தனை கெட்டிக்காரர் நிஜப் புல்லில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. மகளின் டியூஷன் முடிந்தால் காலேஜ், காலேஜ் முடிந்தால் வீட்டுக் கடன் என்று வரிசை நீண்டுகொண்டே போனதில் புல்லின் முறை வரவேயில்லை. இதுவும் கில்ஜாவுக்குத் தெரியும்.

ஒருநாள் சாயங்காலம் அவர் மட்டையை எடுக்காமல் நேராகக் கல்லாவுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார்.

“முதலாளியம்மா, ஒரு சிக்கல்.”

“இடுப்பா?”

“சம்பந்தி.”

கில்ஜா கால்குலேட்டரைத் தள்ளி வைத்தாள். பியோவின் மகள் சோயுலுக்குப் பையன் பார்த்தாகிவிட்டது, இல்லை, அவளே பார்த்துக்கொண்டாள். இரண்டு குடும்பமும் போன வாரம் ஹோட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து சந்தித்திருக்கிறார்கள். பையனின் அப்பா தாக் இன்குக், கப்பல் உதிரிபாக வியாபாரம் செய்து ஓய்ந்தவர், சூப் வரும்வரை வாயே திறக்கவில்லையாம். பிறகு ஒரே கேள்வி: கோல்ஃப் ஆடுவீர்களா?

“ஆடுவேன்னு சொன்னேன். எங்கன்னு கேட்டார். முந்தின நாள் இங்க ஆடின மைதானத்தோட பேரு வாயில வந்துடுச்சு. வெண்கொக்கு. அடிக்கடி போவேன்னுட்டேன்.”

“அடிக்கடியா?”

“போறேனே. உங்க மூணாம் நம்பர் ரூமுல.”

“அதைச் சொல்ல வேண்டியதுதானே.”

“சொல்லியிருப்பேன். சோயுல் என்னையே பாத்துட்டிருந்தா. அவங்க வீட்டுல எல்லாருக்கும் பேச ஏதோ இருந்துச்சு. எங்க பக்கம் நாங்க முள்ளங்கி ஊறுகாயப் பாத்துட்டிருந்தோம். நான் ஆடுவேன்னதும் அவ மூஞ்சி மலர்ந்துச்சு பாருங்க, அதுக்கப்புறம் பின்வாங்க முடியல.” அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அந்தாளு வெண்கொக்குல மெம்பராம். வர்ற வியாழக்கிழமை காலையில இடம் போட்டுட்டார். அவரு, அவர் சம்சாரம், நான். நாலாவது ஆள் வேணும். என் வீட்டுக்காரிக்கு மட்டைக்கும் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாது.”

“நான் வரணுமா?”

“நீங்க நாலஞ்சு தடவ புல்லுல ஆடியிருக்கீங்களே. நீங்க எதுவும் செய்ய வேண்டாம். வாயை மட்டும்…”

அவர் முடிக்கவில்லை. கில்ஜாவும் கோபித்துக்கொள்ளவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு யாராவது வந்து கடைக்குத் தீ வைக்கிறேன் என்றாலும் சாவியைக் கொடுத்துவிட்டு வெண்கொக்குக்குப் போயிருப்பாள். சம்பந்தியாகப் போகிறவர் முன்னால் ஒரு மனுஷன் பொய்யோடு நாலு மணி நேரம் நடக்கப் போகிறான். இதைப் பார்க்க டிக்கெட்டு போட்டிருந்தாலும் வாங்கியிருப்பாள்.

மிச்சமிருந்த நாட்களில் அவருக்குப் பாடம் எடுத்தாள். உள்ளே நுழையும்போது கோட்டு போட்டிருக்க வேண்டும். மற்றவர் அடிக்கும்போது மூச்சு விடுவதென்றாலும் மெதுவாக. அடுத்தவர் பந்து உருளப்போகும் வழியை மிதிக்கக் கூடாது. மணலில் இறங்கினால் கால் தடத்தை அழித்துவிட்டு ஏற வேண்டும். பியோ எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தான் எதையும் சொல்லாமல் விடவில்லை என்றுதான் கில்ஜா நினைத்தாள்.

வெண்கொக்கு இரண்டு மலைகளுக்கு நடுவே கிடந்தது. சமதளத்தை நெல்லுக்கும் மாடிக்கும் கொடுத்த பிறகு கோல்ஃபுக்கு மிஞ்சியது மலைச்சரிவுதான். பனி இன்னும் விலகவில்லை. தாக் இன்குக் மீன்பிடிப் படகு மாதிரி அகலமாக இருந்தார். கை குலுக்கிவிட்டு, பியோவின் புது ஷூவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் மனைவி நேர்மாறு. ஐந்து நிமிஷத்தில் தன் முழங்கால் வலி, கிம்ச்சி ஊறுகாய் வைக்கிற ஃபிரிட்ஜின் ரிப்பேர், கணவரின் குறட்டை மூன்றையும் கில்ஜாவிடம் ஒப்படைத்துவிட்டாள். இவளைக் கில்ஜாவுக்குப் பார்த்தவுடன் பிடித்துப்போயிற்று.

வண்டி ஓட்டி, மட்டை எடுத்துக் கொடுத்து, அடிக் கணக்கும் எழுதுவதற்குச் சோல்மி என்ற பெண் வந்தாள்.

முதல் குழி. கடைசியாகப் பியோ அடித்த அடியில் பந்து பனியைக் கிழித்துக்கொண்டு நேராகப் போயிற்று. தாக்கின் புருவம் உயர்ந்தது. எல்லோரும் கீழே இறங்க ஆரம்பித்தார்கள். பியோ மட்டும் அடித்த இடத்திலேயே நின்றார். குனிந்து காலடிப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். கில்ஜாவுக்கு அப்போதுதான் புரிந்தது. மனுஷன் அடுத்த பந்து தரையிலிருந்து எழும்பி வரும் என்று காத்திருக்கிறார்.

“மேனேஜர் சார்,” என்று இருமினாள், “பந்து போன இடத்துக்கு நாமதான் போகணும்.”

“எதையாவது தொலைச்சிட்டாரா?” என்றாள் தாக்கின் மனைவி.

“இல்லல்ல. அடிச்ச இடத்துக்கு ஒரு வணக்கம் சொல்லிட்டுத்தான் வருவார். அவருக்கு அப்படி ஒரு பழக்கம்.”

“நல்ல பழக்கம்,” என்றார் தாக். அதற்கப்புறம் பியோவுக்கு வேறு வழியில்லை. ஒவ்வொரு குழியிலும் அடித்துவிட்டுப் புல்லுக்குத் தலை வணங்க வேண்டியதாயிற்று.

பாய் சாயாது, மலை சாயும். பந்து காலைவிட உயரத்தில் கிடந்தது. பியோ வீசினார், மண் பறந்தது. மறுபடி வீசினார், புல் பறந்தது. மூன்றாவதில் பந்து ஒரு முழம் நகர்ந்து, மனம் மாறித் திரும்பி உருண்டு வந்தது. அடித்தளத்து ராஜாவின் காது சிவந்துகொண்டே போனதைக் கில்ஜா பின்னாலிருந்து பார்த்தாள். ஒருவழியாகப் பந்து குழியில் விழுந்தது.

சோல்மி டேப்லெட்டை எடுத்தாள். “முதல் குழி, நாலு பேருக்கும் பார். நல்ல ஆரம்பம்.”

நாலு அடியில் போட வேண்டிய குழி அது; சரியாக அந்தக் கணக்கில் போட்டால் அதற்குப் பெயர்தான் பார். தாக் போட்டது ஆறில். அவர் மனைவி ஏழு. கில்ஜா தன்னுடையதை வெளியே சொல்வதாக இல்லை. ஆனால் முதல் குழியில் எல்லோருக்கும் பார் எழுதிவிடுவது அந்த நாட்டு மைதானங்களில் வணக்கம் சொல்வதைப் போல. உடம்பு சூடாகவில்லை, கண் திறக்கவில்லை, எழுதிவிட்டுப் போ. யாரும் கேட்பதில்லை, யாரும் மறுப்பதில்லை.

“எனக்கு எட்டு,” என்றார் பியோ.

சோல்மி சிரித்தாள். “முதல் குழி சார்.”

“ஆமாம்மா, அதுலதான் எட்டு. நாலுன்னு எழுதிட்டீங்க, மாத்திடுங்க.”

கில்ஜா தான் எடுத்த பாடங்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். கோட்டைச் சொன்னாள், மணலைச் சொன்னாள், இதைச் சொல்லவில்லை. சோறு தின்பவனுக்கு வாயைத் திறக்கணும் என்று யாராவது சொல்லிக்கொடுப்பார்களா?

தாக் கையுறையை மெதுவாகக் கழற்றினார். “இங்க அடிக்கடி வர்றவர் முதல் குழிக்கு எட்டு எழுதச் சொல்லி இப்பதான் பாக்கறேன்,” என்றார். அவ்வளவுதான். நடக்க ஆரம்பித்துவிட்டார். பியோ நாலடி பின்னால் நடந்தார். பெண்கள் வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.

“உங்க சார் வித்தியாசமான ஆளு,” என்றாள் தாக்கின் மனைவி. “எங்க வீட்டுக்காரர் எதுக்குக் கல்யாணப் பேச்ச ஹோட்டலோட முடிக்காம இங்க கூட்டிட்டு வர்றார் தெரியுமா? மனுஷன் எப்படின்னு புல்லுலதான் தெரியும்பார். எங்க பெரிய பொண்ணுக்கு ஒரு வரன் வந்துச்சு. வக்கீல். நல்ல உயரம். இதே மைதானம். ஏழாவது குழியில பந்து வேருக்குள்ள மாட்டிக்கிச்சு. யாரும் பாக்கலன்னு கால் நுனியால தள்ளிவிட்டான்.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. கார்ல வரும்போது இவர் ஒரு வார்த்த பேசல. வீட்டுக்கு வந்து, வேண்டாம்னார். பொண்ணு ஒரு மாசம் அழுதா. இவர் அசையல.” அவள் தெர்மாஸிலிருந்து பார்லி டீயை ஊற்றிக் கொடுத்தாள். “பொய் மட்டும் ஆகாது அவருக்கு. சூடா இருக்கு, ஊதிக் குடிங்க.”

கில்ஜா ஊதவில்லை. சோயுலைச் சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். அப்பாவைக் கூப்பிட வரும் சாக்கில் வாசல் மெஷினில் சாக்லேட் பால் எடுத்துக் குடிக்கும் பெண். அடியில் ஒன்றைக்கூட விடாமல் எண்ணுகிற மனுஷன், இங்கே வந்ததேயில்லை என்ற ஒன்றை மட்டும் மறைத்து வைத்திருக்கிறார். இந்தப் படகு மாதிரி ஆள் எதை எடுத்துத் தராசில் வைப்பார்? யார் பெண்ணோ என்று விட்டுவிடவும் முடியவில்லை, தெரியாமல் இருக்கவும் முடியவில்லை.

மூன்றாவது குழியில் முன்னால் போன கூட்டம் தாமதித்தது. காத்திருக்க வேண்டியதாயிற்று. தாக் மட்டையைக் கைத்தடி போல ஊன்றிக்கொண்டு கில்ஜா பக்கம் திரும்பினார்.

“முதலாளியம்மா, உங்களுக்கு இவரை ரொம்ப நாளாத் தெரியும். சொல்லுங்க. இங்க எத்தனை தடவ வந்திருப்பார்?”

தெரு முழுவதற்கும் செய்தி சப்ளை செய்கிற வாய், அப்போது பார்த்துக் காலியாக இருந்தது. இருந்தாலும் பழக்கம் விடுமா? எதையோ சொல்லத் திறந்தாள்.

“அவங்களக் கேக்காதீங்க,” என்றார் பியோ. “பாவம், எனக்காகப் பொய் சொல்லிடுவாங்க. நான் புல்லுல நிக்கிறது இதுதான் முதல் தடவ. இந்த மைதானத்த எங்க தெரு அடித்தளத்துல திரையிலதான் ஆடியிருக்கேன். அன்னைக்கு வேற மாதிரி சொல்லிட்டேன்.”

“எதுக்கு?”

“மகள் பாத்துட்டிருந்தா.”

தாக் மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். முன்கூட்டம் நகர்ந்ததும் போய் அடித்தார். அடி கோணிக்கொண்டு பைன் மரத்துக்குள் போயிற்று.

அதற்கப்புறம் நாலு குழிக்கு ஒருவரும் பேசவில்லை. தாக்கின் மனைவிகூடப் பேசவில்லை, அதுதான் கில்ஜாவை மிகவும் பயமுறுத்தியது. சோல்மி தூரத்தை மட்டும் சொல்லி மட்டையை நீட்டினாள். பியோ பழக்கதோஷத்தில் ஒருமுறை புல்லுக்குக் குனிந்துவிட்டு, இனி தேவையில்லை என்று நினைவு வந்து ஷூ கயிற்றைக் கட்டுவது போலப் பாவனை செய்தார். கில்ஜா தாக்கின் முகத்தைப் பக்கவாட்டிலும், கண்ணாடியிலும், ஒருமுறை வண்டியின் பளபளப்பான தகட்டிலும் பார்த்தாள். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

நடுவில் இளைப்பாறும் குடிலில் டோஃபுவும் வதக்கிய கிம்ச்சியும் அரிசிக் கள்ளும் வந்தன. தாக் தன் கிண்ணத்தைக் காலி செய்தார். பிறகு பியோவைப் பார்க்காமலேயே கேட்டார்.

“அந்தத் திரையில இந்த இடம் அப்படியே இருக்குமா?”

“அப்படியே.”

“அடுத்த குழி எப்படி? போகாம சொல்லுங்க.”

பியோ சாப்பாட்டுக் குச்சியால் மேஜையில் கோடு போட்டார். “இங்க இடப்பக்கம் வளையும். வளைவுல மணல் குழி, அவரைக்காய் மாதிரி. அதுக்குப் பயந்து எல்லாரும் நேரா அடிப்பாங்க. ஆனா வளைவுக்கு வலப்பக்கம், மேட்டோரமா, ஒரு மென்மையான சரிவு இருக்கு. அங்க விழுந்தா பந்து தானா உருண்டு, குழியில நட்டிருக்கிற கொடிக்குப் பக்கமா போயிடும். நான் எப்பவும் அங்கதான் அடிப்பேன்.”

“நான் இங்க பதினெட்டு வருஷமா வர்றேன். அங்க அடிச்சதேயில்ல.”

“அடிச்சுப் பாருங்க.”

இரண்டு ஆண்களும் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்ததைப் பார்த்தால் பிள்ளைகள் இரண்டு யாருக்கும் தெரியாமல் மாடிக்கு ஏறுவது போலிருந்தது. கில்ஜா டோஃபுவைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினாள்.

தாக் சொன்ன இடத்துக்கே அடித்தார். பந்து மேட்டோரமாக விழுந்தது. உருளவில்லை. எல்லோரும் போய்ப் பார்த்தபோது, புல் மூடிய உருண்டை மேடு ஒன்றில் சாய்ந்து, ஊதுபத்திக் குச்சிக்குப் பக்கத்தில் பந்து உட்கார்ந்திருந்தது. முன்னால் சின்னக் கல் பலகை.

பியோ திகைத்து நின்றார். “இது இல்லையே. இங்க எதுவும் இருக்காதே.”

“கல்லறை சார்,” என்றாள் சோல்மி. “மைதானம் வரும்போது அந்தக் குடும்பம் இந்தத் துண்டை மட்டும் விக்கமாட்டேன்னுட்டாங்களாம். அறுவடைப் பண்டிகைக்கு வந்து புல் வெட்டிட்டுப் போவாங்க. படம் எடுத்தவங்க அழிச்சிட்டிருப்பாங்க. திரையில கல்லறை வந்தா யாரு ஆடுவாங்க?”

“நான் எத்தனை தடவ இங்க அடிச்சிருக்கேன்,” என்றார் பியோ. அவர் முகத்தைப் பார்த்தால் திரையில் அடித்த அத்தனை பந்தும் இந்த மேட்டின் மேலேயே விழுந்ததாகத் தோன்றும். தொப்பியைக் கழற்றினார். கல்லுக்கு எதிரே போய் இடுப்புவரை குனிந்தார். “தெரியாம அடிச்சிட்டோம். மன்னிச்சிடுங்க.”

தாக்கின் தோள் குலுங்கியது. முதலில் கில்ஜாவுக்கு என்னவோ என்று பயமாக இருந்தது. பார்த்தால் மனுஷன் சிரிக்கிறார். சத்தமில்லாமல், கண்ணில் நீர் வர.

“என் முதலாளி, என் மச்சான், பெரிய பெரிய கப்பல்காரங்க எல்லாரும் இந்த மைதானத்துல எனக்கு வழி சொல்லியிருக்காங்க,” என்றார் மூச்சு வாங்கியபடி. “செத்தவர் வீட்டு வாசலுக்கு யாரும் அனுப்பினதில்ல.”

“பந்தை எடுத்து வெளியில வெச்சுக்கலாம் சார்,” என்றாள் சோல்மி. “இங்க அபராதம் போடுறதில்ல.”

தாக் பந்தைக் கையில் எடுத்து, துடைத்து, பியோவைப் பார்த்தார். “உங்க மெஷின் என்ன சொல்லும்?”

பியோ யோசித்தார். “மெஷினுக்கு இந்த இடமே தெரியாது. நீங்கதான் சொல்லணும்.”

தாக் பந்தைப் புல்லில் வைத்தார்.

“சோல்மி, ஒண்ணு சேத்து எழுதும்மா. முதல் குழியையும் மாத்திடு. எனக்கு ஆறு.”

“அப்போ எனக்கு ஏழு,” என்றாள் அவர் மனைவி. “முப்பது வருஷமா இவர் வீட்டுக்கு வந்து சொல்ற நம்பர எல்லாம் திரும்பக் கூட்டணும் போலிருக்கே.”

“அதெல்லாம் கூட்ட வேண்டாம்,” என்றார் தாக் அவசரமாக.

கில்ஜாவிடம் சோல்மி எத்தனை என்று கேட்டாள். கில்ஜா பத்து என்றாள். பன்னிரண்டு. ஆனால் கல்யாணம் அவள் வீட்டுடையது அல்ல.

ஆட்டம் முடிந்து வண்டியை நிறுத்தும்போது தாக் டேப்லெட்டை வாங்கிக் கடைசி எண்ணைப் பார்த்தார். கில்ஜா கழுத்தை நீட்டினாள். அவர் உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

“பியோ சார், ஒரு விஷயம்,” என்றார். “நீங்க ஹோட்டல்ல சொன்னது எனக்குப் பிடிக்கல.”

“தெரியும்.”

“மூணாவது குழியிலேயே திரும்பிப் போயிடலாம்னுதான் நினைச்சேன். இந்தம்மாவைப் பொய் சொல்ல விட்டிருந்தீங்கன்னா போயிருப்பேன்.” டேப்லெட்டைச் சோல்மியிடம் கொடுத்தார். “தேதி பாக்கறது பொண்ணு வீட்டு வழக்கம். பாத்துச் சொல்லுங்க.”

பியோ கையுறையைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். கடைசியில், “அக்டோபர்ல நல்ல நாள் இருக்குன்னு என் வீட்டுக்காரி சொல்லிட்டிருந்தா,” என்றார்.

“அக்டோபர் வேண்டாம். மண்டபம் கிடைச்சிடும். அக்டோபர்ல இங்க காலையில இடம் கிடைக்கிறதுதான் குதிரைக்கொம்பு. நான் ரெண்டு நாள் பிடிச்சு வெச்சிருக்கேன். நீங்களும் வர்றீங்க.”

“அப்போ டிசம்பர்?”

“பொண்ணு மெல்லிசுப் பட்டுல நடுங்குவா,” என்றாள் தாக்கின் மனைவி.

“மைதானத்துல பனி விழுந்திருக்கும், அதனால எல்லாரும் சும்மாதான் இருப்போம்,” என்றார் தாக். “டிசம்பர் சரி.”

அப்படி முடிவாயிற்று. கார் பாதி வழி வந்த பிறகுதான் கில்ஜாவுக்கு உறைத்தது, கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிற இரண்டு பேரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பியோவிடம் சொன்னாள். அவர் திடுக்கிட்டுப் போனைத் தேடினார். வலது கைப் பெருவிரலில் கொப்புளம். சோயுலின் எண்ணை அழுத்தவே முடியவில்லை. கில்ஜா வாங்கி அழுத்திக் கொடுத்தாள். ஸ்பீக்கரையும் போட்டாள்.